பிரிந்த பிறகும் அப்பா, அம்மாதான்... சண்டைக்கு நடுவே நிற்கும் குழந்தைக்காகப் பெற்றோர் எடுக்கும் பயிற்சி!

மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிறு. காலை 10 மணிக்குக் குழந்தையை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். மாலை 5 மணிக்கு அவர் அம்மாவிடம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். குடும்பநல நீதிமன்ற உத்தரவுகளில் நாள், நேரம், இடம் எல்லாம் இப்படித் தெளிவாக இருக்கும். அந்த 10 மணிக்கு வாசல் கேட்டில் யார் என்ன பேசுவார்கள் என்பது மட்டும் எந்த உத்தரவிலும் இருக்காது.

'ஏன் இருபது நிமிஷம் லேட்டு?' என்று தொடங்கும் கேள்வி, 'எல்லாம் உங்க அம்மா பண்ணின வேலைதானே!' என்று போய் முடியும். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஆயா வருவார், மாமா வருவார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். பைக்குக்கும் கேட்டுக்கும் நடுவே, தோளில் பையோடு குழந்தை நிற்கும். அந்தக் குழந்தைக்குச் சனிக்கிழமை இரவே வயிற்றுவலி வந்துவிடும். டாக்டர் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பிரிந்தவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வாழ்வது இங்கே கஷ்டம். அம்மா திருமுல்லைவாயலில் தாய்வீட்டிலும், அப்பா ஆவடியிலும் இருந்தால் இடையில் இருப்பது அண்ணனூர் ஸ்டேஷன் மட்டும்தான். ஒரே மின்சார ரயில், ஒரே மார்க்கெட், இரண்டு பக்கமும் தெரிந்த சொந்தக்காரர்கள். கணவன், மனைவி என்ற உறவு முடிந்தாலும் அப்பா, அம்மா என்ற வேலை முடிவதில்லை. அந்த வேலையைச் சண்டையில்லாமல் செய்யப் பழக்குவதற்குத்தான் 'கோ-பேரன்ட்டிங் கோச்சிங்' என்ற பயிற்சி வந்திருக்கிறது.

நீதிமன்றம் கொடுப்பதும், கொடுக்க முடியாததும்

2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கு பரவலாகப் பேசப்பட்டது. பிரிந்து வாழும் அப்பா, மகளைப் பார்க்க அம்மாவின் வீட்டுக்கு வரலாம் என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அனுமதித்தார். அதோடு நிற்கவில்லை. வருபவரை விருந்தாளியாக நடத்த வேண்டும், டீ, சிற்றுண்டி, சாப்பாடு கொடுத்து உபசரிக்க வேண்டும் என்றும் சொன்னார். குழந்தையின் முன் பெற்றோர் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பின்னர், இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த உபசரிப்பு அறிவுரைகளை நீக்கிவிட்டது.

இந்த ஒரு வழக்கே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. குழந்தையை எப்போது பார்க்கலாம் என்று உத்தரவு போடலாம். முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டு நடத்திவிட முடியாது. அது பழகித்தான் வர வேண்டும்.

சட்டம் தன்னால் முடிந்ததைச் சொல்லியே வந்திருக்கிறது. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 1956-ம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் இரண்டுமே குழந்தையின் நலனைத்தான் முன்னால் வைக்கின்றன. குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ இல்லை என்று, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ல் வந்த தீர்ப்பு, அப்பா உயிரோடு இருக்கும்போதே, தேவையான சூழலில் அம்மாவும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று தெளிவாக்கியது. 2020-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. குழந்தைக்கு இருவரின் அன்பும் உரிமை என்று சொன்னதோடு, நேரில் பார்ப்பது மட்டுமல்லாமல் போனிலும் வீடியோ காலிலும் தினமும் சில நிமிடங்கள் பேசுவதும் முக்கியம் என்றது.

2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. இரண்டு வயதுப் பெண் குழந்தை, அப்பாவைப் பார்ப்பதற்காக ஞாயிறுதோறும் மதுரையிலிருந்து கரூர் வரை பயணம் செய்ய வேண்டியிருந்தது. குழந்தையின் உடல்நலத்தை முன்வைத்து உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அப்பா மதுரைக்கு வந்து, பூங்காவிலோ கோயில் வளாகத்திலோ குழந்தையைப் பார்க்கலாம். அம்மா அங்கேயே இருக்கலாம், ஆனால் சுமார் 10 அடி தள்ளி இருக்க வேண்டும்.

அந்த 10 அடி தூரத்தில் இருவரின் முகம் எப்படி இருக்கும், குழந்தை யாரைப் பார்த்துச் சிரிக்கப் பயப்படும் என்பதெல்லாம் தீர்ப்புக்கு வெளியே இருக்கும் விஷயம். பயிற்சி தொடங்குவது அந்த இடத்தில்தான்.

நீட் கோச்சிங் இல்லை, இது வேறு!

'கோச்சிங்' என்றதும் முகப்பேர், அம்பத்தூர் பக்கம் நீட், ஜே.இ.இ வகுப்புகள்தான் நினைவுக்கு வரும். இந்த கோச்சின் வேலை வேறு. வக்கீல் வழக்கைப் பார்ப்பார். சமரசர் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவருவார். உளவியல் ஆலோசகர் மனக்காயத்தை ஆற்றப் பார்ப்பார். கோச் கேட்கும் கேள்வி ஒன்றுதான். 'அடுத்த ஞாயிறு 10 மணிக்கு என்ன செய்யப் போறீங்க?'

யார் மேல் தப்பு, கல்யாணம் ஏன் உடைந்தது என்ற விசாரணை இங்கே கிடையாது. வரப்போகும் சந்திப்பு, அனுப்ப வேண்டிய மெசேஜ், பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டிய ஃபார்ம் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒத்திகை பார்ப்பதுதான் வேலை.

இதில் பெரிய வசதி, ஒருவர் மட்டும் போனாலும் போதும். 'அவர் மாறவே மாட்டார்', 'அவ திருந்தவே மாட்டா' என்பதுதான் இப்படிப்பட்ட குடும்பங்களில் அதிகம் கேட்கும் வசனம். அது உண்மையாகவே இருக்கட்டும். இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். அதில் ஒரு கையை மட்டும் எடுத்துவிடுவது எப்படி என்பதே இந்தப் பயிற்சி.

முதல் பாடமே ஒரு வெள்ளைத்தாள்தான். நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் 'என் கையில் இருப்பது', மறுபக்கம் 'என் கையில் இல்லாதது'. அவர் நேரத்துக்கு வருவாரா, அங்கே குழந்தைக்கு என்ன ஊட்டுவார்கள், மாமியார் என்ன சொல்லிக்கொடுப்பார் என்பதெல்லாம் இரண்டாவது பக்கத்துக்குப் போகும். தன் மெசேஜ், தன் குரல், கேட்டில் தான் நிற்கும் இரண்டு நிமிடம், குழந்தை திரும்பி வந்ததும் தான் கேட்கும் முதல் கேள்வி ஆகியவை முதல் பக்கத்தில் நிற்கும். பயிற்சி முழுக்க முதல் பக்கத்தில்தான் நடக்கும்.

வாட்ஸ்அப்பில் முதல் மாற்றம்

பிரிந்த பெற்றோரின் சண்டை பாதிக்கு மேல் போனில்தான் நடக்கிறது என்று தோன்றும் அளவுக்கு வாட்ஸ்அப் புகுந்துவிட்டது. இதற்கு அமெரிக்காவின் வக்கீலும் சமரசருமான பில் எடி ஒரு எளிய முறையை உருவாக்கினார். பதில் சுருக்கமாக இருக்க வேண்டும். தகவல் மட்டும் இருக்க வேண்டும். மரியாதை இருக்க வேண்டும். முடிவு உறுதியாக இருக்க வேண்டும். இந்த நான்கையும் தாண்டிய வரி எதுவாக இருந்தாலும் அழித்துவிடலாம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குழந்தைக்கு ஜுரம் என்று அம்மா சொன்னதும் அப்பாவிடமிருந்து வரும் மெசேஜ் இது.

'ஜுரம்னு இப்பதான் சொல்றியா? நீ எல்லாம் ஒரு அம்மாவா? சண்டே நான் வந்து கூட்டிட்டுப் போவேன். எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்.'

கை தானாக டைப் அடிக்கும் பதில் என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பயிற்சி எடுத்தவரின் பதில் இப்படி இருக்கும்.

'நேத்து ராத்திரியிலிருந்து ஜுரம், 101 இருக்கு. டாக்டர் மூணு நாளைக்கு மருந்து கொடுத்திருக்கார். சீட்டு போட்டோ அனுப்பியிருக்கேன். ஞாயிறு காலை 8 மணிக்கு ஜுரம் பாத்துட்டுச் சொல்றேன். அப்பவும் இருந்தா அடுத்த ஞாயிறு அதே நேரம் கூட்டிட்டுப் போங்க. இது சரியான்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க.'

'நீ எல்லாம் ஒரு அம்மாவா?' என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை. அதுதான் கஷ்டமான பாடம். பதில் சொல்லாமல் விட்டால் ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால், பதில் சொன்னால் ஜுரத்தைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்பாக்களுக்கும் இதே பாடம்தான். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது குழந்தை சொல்லித்தான் தெரியவருகிறது. 'எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே மறைச்ச?' என்று அனுப்பினால் அடுத்த ஒரு மணி நேரம் சண்டை. அதற்குப் பதில், 'புதன்கிழமை ஸ்கூல் மீட்டிங் நடந்ததுன்னு பாப்பா சொன்னா. அடுத்த தடவை தேதி வந்ததும் எனக்கும் அனுப்புங்க. ஆபீஸ்ல என் நம்பரையும் கொடுத்து வைக்கறேன்' என்று அனுப்பலாம். கடைசி வரி முக்கியம். அடுத்தவர் சொல்வாரா என்று காத்திருக்காமல், பள்ளியிடமிருந்து நேராகத் தகவல் வர வழிசெய்துவிட்டார்.

தமிழில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பல வீடுகளில் மனைவி கணவனை 'நீங்க' என்பார், கணவன் மனைவியை 'நீ' என்பார். சண்டை முற்றியதும் இரண்டு பேருமே 'நீ'யில் இறங்கி, 'டா', 'டி' வரை போய்விடுவார்கள். பிரிந்த பிறகு இருவரும் 'நீங்க' என்றே எழுதுவது என்று வைத்துக்கொண்டால் முதல் வாரம் செயற்கையாக இருக்கும். அந்தச் செயற்கைதான் பலன் தரும். ஆபீஸில் பிடிக்காத சக ஊழியருக்கு மெயில் அனுப்புவதுபோல ஒரு தூரம் தானாக வந்துவிடும்.

இதில் சட்டரீதியான நன்மையும் உண்டு. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14-வது பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் என்று கருதினால் எந்த ஆவணத்தையும் எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல்கள் வழக்குகளில் வருவது இன்று சாதாரணம். நீதிபதி படிப்பார் என்று நினைத்தே ஒவ்வொரு மெசேஜையும் எழுதுவது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

கேட்டில் மூன்றே வரி

குழந்தையைக் கைமாற்றும் நேரம்தான் நெருப்பு பற்றும் இடம். அங்கே பேசுவதற்கு மூன்று வரிகள் போதும். 'சாப்பிட்டாச்சு. மருந்து பையில இருக்கு. கணக்கு ஹோம்வொர்க் பாக்கி.' அவ்வளவுதான். ஜீவனாம்சம், வழக்கு தேதி, ஸ்கூல் ஃபீஸ் எதையும் கேட்டில் எடுக்கக்கூடாது. அதற்குத் தனி நேரம், தனி மெசேஜ்.

நம் ஊரில் பிரிவது இரண்டு பேர் மட்டும் இல்லை, இரண்டு குடும்பங்கள். அதனால் கைமாற்றும் இடத்துக்கு ஒரு பக்கத்துக்கு ஒருவர்தான் வர வேண்டும் என்பது இங்கே கட்டாயம் சேர்க்க வேண்டிய விதி. ஆயா, தாத்தா, மாமா, அத்தை யாராக இருந்தாலும் அந்த இரண்டு நிமிடம் வீட்டுக்குள் இருக்கலாம். அக்கா போனிலிருந்து தம்பி பதில் அனுப்பும் பழக்கத்துக்கும் அன்றோடு முற்றுப்புள்ளி.

வீட்டு வாசல் சரிப்பட்டு வராவிட்டால் பொது இடம் நல்லது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா, திருமுல்லைவாயலில் மாசிலாமணீஸ்வரர் கோயில், பூந்தமல்லியில் வரதராஜப் பெருமாள் கோயில் என்று நாலு பேர் நடமாடும் இடங்கள் இந்தப் பக்கத்தில் நிறையவே உண்டு. ஆள் இருக்கும் இடத்தில் குரல் தானாகத் தணியும். குழந்தைக்கும் அது 'ஒப்படைக்கும் இடம்' என்று தோன்றாமல், விளையாடிவிட்டுப் போகும் இடமாகத் தெரியும். ஆனால் நீதிமன்றம் ஓர் இடத்தைக் குறிப்பிட்டிருந்தால், இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, வக்கீல் மூலம் முறைப்படி மாற்றிக்கொள்வதுதான் சரி.

குழந்தை தபால்காரர் இல்லை

'அப்பா கிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு', 'அம்மா கிட்ட சொல்லு, அடுத்த வாரம் வரமாட்டேன்னு'. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்து, எதிரே வரும் கோபத்தையும் வாங்கிக்கொள்வது ஏழு வயதுக் குழந்தை. பெரியவர்களின் செய்தி பெரியவர்களின் போனில்தான் போக வேண்டும்.

'உங்க அப்பன்', 'உங்கம்மாக்காரி' போன்ற வார்த்தைகளும் பயிற்சியில் முதலில் வெளியே போகும். 'உங்க அப்பா' என்பதைக்கூட 'அப்பா' என்று மாற்றச் சொல்வதுண்டு. 'உங்க' என்று சேர்க்கும்போதே குழந்தையைத் தள்ளி அந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறோம். தன்னில் பாதி அப்பா, பாதி அம்மா என்று குழந்தைக்குத் தெரியும். ஒருவரைத் திட்டும்போது அது தனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

மாலை 5 மணிக்குத் திரும்பி வந்த குழந்தையிடம், 'அங்க யார் யார் வந்தாங்க? என்ன கேட்டாங்க? புதுசா யாராவது இருந்தாங்களா?' என்று விசாரிக்கும் ஆசையை அடக்குவதும் ஒரு பாடம். 'வா, கை கால் கழுவிட்டு வா, தோசை ஊத்தறேன்' என்பதே போதுமான வரவேற்பு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மனம் மாறிக்கொள்ளக் குழந்தைக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். முதல் அரை மணி நேரம் அழுதாலும், முகம் கொடுக்காவிட்டாலும், 'அங்கே ஏதோ சொல்லிக்கொடுத்துட்டாங்க' என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

இந்த எச்சரிக்கையை நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஒரு பெற்றோர் இன்னொருவருக்கு எதிராகக் குழந்தையின் மனதைத் திருப்பிவிடும் ஆபத்தைப் பற்றி 2017-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. 2024 மே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பு, தகுந்த ஆதாரம் இல்லாமல் அந்த முத்திரையை யார் மேலும் அவசரமாகக் குத்திவிடக்கூடாது என்றது. குழந்தை வர மறுக்கிறது என்றால் காரணம் பலவாக இருக்கலாம். பயம், பழக்கமின்மை, அன்றைக்கு நண்பனின் பிறந்தநாள் என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஒரே வீட்டு விதி வேண்டாம்!

பிரிந்த பெற்றோர் நண்பர்கள்போலப் பேசிச் சேர்ந்து முடிவெடுப்பது நல்ல விஷயம்தான். சண்டை கடுமையாக உள்ளவர்களிடம் அதை எதிர்பார்த்தால் ஒவ்வொரு பேச்சும் புதுச் சண்டை ஆகும். அவர்களுக்கு 'பேரலல் பேரன்ட்டிங்' என்ற வழி சொல்லப்படுகிறது. ரயில் தண்டவாளம்போல இரண்டும் பக்கத்தில் ஓடும், தொட்டுக்கொள்ளாது. அப்பா வீட்டில் இரவு 10 மணி வரை டிவி ஓடினால் ஓடட்டும். அம்மா வீட்டில் 9 மணிக்குத் தூக்கம். இரண்டு வீட்டுக்கு இரண்டு விதி என்பதைக் குழந்தைகள் புரிந்துகொள்வார்கள். ஆயா வீட்டில் ஒரு மாதிரி, சொந்த வீட்டில் ஒரு மாதிரி இருப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

சேர்ந்து முடிவு செய்தே ஆக வேண்டிய விஷயங்கள் கொஞ்சம்தான். அவற்றை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வதுதான் 'பேரன்ட்டிங் பிளான்'. எந்தப் பள்ளி, ஃபீஸில் யாருக்கு எவ்வளவு பங்கு, உடம்பு சரியில்லாவிட்டால் எந்த டாக்டர், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தால் எத்தனை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும், போன் பேசும் நேரம் எது, தீபாவளி இந்த வருஷம் யார் வீட்டில், பொங்கல் யார் வீட்டில், பிறந்தநாளில் யார் காலையில், யார் மாலையில் என்று எழுத வேண்டும். நம் குடும்பங்களுக்கு இன்னும் சில உண்டு. காதுகுத்தில் யார் மடியில் குழந்தை உட்காரும்? மஞ்சள் நீராட்டுக்கு அத்தையை அழைப்பதா? இவற்றை விசேஷத்துக்கு முந்தின நாள் பேசினால் மண்டபத்தில் சண்டை. ஆறு மாதம் முன்பே பேசினால் ஒரு மெசேஜில் முடியும்.

2015 மே மாதம் மத்திய சட்ட ஆணையம் தன்னுடைய 257-வது அறிக்கையில் இதைத்தான் பரிந்துரைத்தது. கூட்டுப் பொறுப்பு, பெற்றோருக்கான எழுத்துப்பூர்வத் திட்டம், சமரசம், தாத்தா பாட்டியுடன் குழந்தை கழிக்கும் நேரம் என எல்லாம் அதில் இருந்தன. அந்த அறிக்கை சட்டமாகவில்லை. ஆனாலும் இருவரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட்டு, நீதிமன்றத்தில் கொடுத்து உத்தரவாகவே மாற்றிக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

கொஞ்ச நேரம், நீண்ட பலன்

இதற்கெல்லாம் பலன் இருக்குமா? அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் எமெரி, குழந்தை யாரிடம் என்று வழக்காடிய பெற்றோர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதியினர் வழக்கமான வழக்கு வழியில் போனார்கள். இன்னொரு பகுதியினர் சமரசப் பேச்சுக்கு வந்தார்கள். அந்தப் பேச்சுக்கு ஆன நேரம் சராசரியாக 5 மணி நேரம்தான். 12 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, குழந்தையோடு வசிக்காத பெற்றோரில் வாரம் ஒருமுறையாவது குழந்தையைப் பார்த்தவர்கள் வழக்கு வழியில் போனவர்களில் 9 சதவிகிதம். சமரசம் வழியே வந்தவர்களில் 28 சதவிகிதம். இது சமரசம் பற்றிய ஆய்வு, கோச்சிங் பற்றியது அல்ல. ஆனாலும் சில மணி நேரம் ஒழுங்காகப் பேசப் பழகியது ஒரு குழந்தையின் முழு இளமைக்கும் உதவியது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

சிங்கப்பூரில் குழந்தைகள் உள்ள தம்பதியர் விவாகரத்து மனு போடும் முன்பே பெற்றோருக்கான வகுப்புக்குப் போக வேண்டும் என்ற விதி 2016 டிசம்பரில் தொடங்கியது. இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. 1984-ம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி ஆலோசகர்கள் இருக்கிறார்கள், சமரச முயற்சியும் உண்டு. அந்தப் பேச்சு பெரும்பாலும் 'சேர்ந்து வாழ முடியுமா?' என்பதைச் சுற்றியே இருக்கும். 'பிரிந்த பிறகு எப்படி வளர்ப்பது?' என்ற கேள்விக்குப் பெற்றோர் தாங்களாகத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது.

எப்போது இது உதவாது?

அடி, மிரட்டல், குடித்துவிட்டு வந்து ரகளை, குழந்தையிடம் தவறான நடத்தை இருக்கும் இடத்தில் 'மரியாதையாகப் பேசிப் பழகுங்கள்' என்று சொல்வது ஆபத்து. அங்கே முதலில் பாதுகாப்பு. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில், குழந்தையைத் தற்காலிகமாக அம்மாவிடம் ஒப்படைக்கவும், தீங்கு வரும் என்று தெரிந்தால் எதிர்த்தரப்பு சந்திப்பதை மறுக்கவும் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்களை அழைக்கலாம்.

எங்கே போவது, யாரை நம்புவது?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் இந்தியாவிலேயே முதலாவது. வழக்கு நடக்கும்போதே சமரசத்துக்கு அனுப்பக் கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. அம்பத்தூர் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம் என்பதால் எந்த மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போவது என்பதை முதலில் கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். மனசு தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். குழந்தையின் தூக்கம், சாப்பாடு, படிப்பு தொடர்ந்து கெட்டால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை அணுகலாம்.

தனியார் கோச்சைத் தேடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் 'கோச்' என்று போர்டு வைக்க எந்த உரிமமும் தேவையில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் தப்பே இல்லை. என்ன படித்திருக்கிறார், பேசியதை ரகசியமாக வைத்திருப்பாரா, எத்தனை சந்திப்பு, எவ்வளவு கட்டணம் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். 'கஸ்டடி உங்களுக்கே வாங்கித் தர்றேன்' என்பவரிடமிருந்தும், வந்த அன்றே எதிர்த்தரப்பைத் திட்டத் தொடங்குபவரிடமிருந்தும் தள்ளி இருப்பது நல்லது. நல்ல கோச் வந்தவரின் பக்கம் பேசுவதைவிட, வீட்டில் காத்திருக்கும் குழந்தையின் பக்கம்தான் அதிகம் பேசுவார்.

ஆறு வயதுக் குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை, மாதம் இரண்டு ஞாயிறு என்று கணக்குப் போட்டால் 288 ஞாயிறுகள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்றால் அப்பாவும் அம்மாவும் 576 தடவை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். அத்தனையையும் இன்றே சரிசெய்ய யாராலும் முடியாது, தேவையும் இல்லை. வரப்போகும் ஞாயிறு காலைக்கு மூன்று வரியைத் தயாராக வைத்திருந்தால், சனிக்கிழமை இரவு அந்தக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கும்.